பலகையைத் திருப்பியவன்

மார்ச் 4

கொக்கு,

பத்துத் தடவைக்கு மேல போன் அடிச்சுட்டேன். நீ எடுக்கலை. கடைசியா நேத்து கூடப் பிறக்காத என் தங்கச்சி, உன் வீட்டுக்காரி எடுத்து, அவர் தூங்கறார் அண்ணேன்னு சொன்னா. காலையில பத்து மணிக்கு நீ தூங்கறவனா? பின்னால உன் இருமல் கேட்டுது. சரின்னு வச்சுட்டேன். உன் பொண்ணு வீட்டு விலாசத்தை ஃபேக்டரி டைம் ஆபீஸ்ல கெஞ்சி வாங்கியிருக்கேன். கடிதத்தைக் கிழிச்சுப் போடறதா இருந்தாலும் முதல்ல கையில வாங்கித்தானே ஆகணும்.

நீ யார்கிட்டயும் சொல்லிக்காம பொண்ணு வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆச்சு. நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ பார்த்திருப்பே. என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிடறேன்.

போன மாசம் பதினாறாம் தேதி கிரேன்ல நீ இறக்கின குழாய்க் கட்டு நம்ம சங்கிலியோட தோள்ல இடிச்சு, அவனைத் தூக்கிட்டு என் டிஸ்பென்சரிக்கு வந்தாங்க. காறை எலும்பு உடைஞ்சிருந்துது. கிரேன் கொக்கியில சங்கிலி மாட்டறவனைப் பத்து வருஷமா சங்கிலின்னே கூப்பிட்டுட்டோம். ரிஜிஸ்டர்ல எழுத அவனோட நிஜப் பேரை அவன்கிட்டயே கேட்க வேண்டியதாப் போச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் பெஞ்சுல படுத்திருந்தான். "கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன் அண்ணே. அவர் என்னைப் பார்த்துட்டேதான் இறக்கினார்" அப்படின்னான். உன் மேல கோபம்கூட இல்லை. அவனுக்குப் புரியலை, அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ வந்து, "மாத்திரை, இன்னும் மூணே வருஷம்டா, ஓட்டிடறேன்"னு சொன்னப்போ, கண் டெஸ்ட் பலகையில இருக்கற எழுத்தையெல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தது நான்தான். அதை மறுக்கலை. அதுக்கப்புறம் ரெண்டு தடவை சொன்னேன், கண் ஆஸ்பத்திரிக்குப் போ, கீழே ஒரு வேலை கேட்டு வாங்கிக்கோன்னு. கீழே வேலை பார்க்கறதுக்கு வீட்டுல உட்காரலாம்னே. நானும் விட்டுட்டேன்.

இருபதாம் தேதி வருடாந்தர மெடிக்கல். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி பலகையைத் திருப்பி மாட்டினேன். பின்பக்கம் எல்லாம் எண்கள். தெரியாத பலகை முன்னால நின்னா உன் வாயாலயே உண்மை வந்துடும், கண் சரியில்லை சார்னு ஒத்துப்பேன்னு நினைச்சேன். நீ பலகைப் பக்கம் பார்க்கவே இல்லை. டாக்டர் நாலாவது வரின்னார். நீ நிமிர்ந்து நின்னு, தயங்காம, எழுத்து எழுத்தாச் சொல்லி முடிச்சே. எதிர்ல இருந்தது எண்கள். வரிசையில உனக்குப் பின்னால ஆறு பேர். ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் யாரும் சிரிக்கலை.

உன் சர்க்கரை மாத்திரை இங்கே இருபது நாளைக்கு மிச்சம் இருக்கு. பார்சல்ல அனுப்பறேன். எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு அட்டையிலேயே பெரிசா எழுதியிருக்கேன்.

மாத்திரை


மார்ச் 13

மதிப்பிற்குரிய கம்பவுண்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் மருந்துப் பொட்டலமும் கிடைத்தன. நன்றி.

இங்கே கண் மருத்துவமனையில் என் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் கேட்கிறார்கள். ஐந்து வருடத்துச் சீட்டுகளின் நகல்களை அனுப்பிவைக்கவும்.

என் லாக்கரைக் காலி செய்யச் சொல்லி டைம் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே பூட்ஸ் ஒரு ஜோடி, டிபன் டப்பா, கேபினில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை ஆகியவை இருக்கும். வேறு யார் கையிலும் சாவியைக் கொடுக்க மனமில்லாததால் தங்களுக்கு அனுப்புகிறேன். இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, பழைய பலகை எப்படி மனப்பாடம் ஆனது என்று கேட்டார். இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிற பலகை, தானாக மனதில் ஏறிவிட்டது என்று சொன்னேன். அப்படியே எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஆகையால் தாங்கள் பயப்பட வேண்டியதில்லை. மீதமுள்ள ஏழு மாதத்தை நிம்மதியாக முடித்து, பாராட்டுக் கூட்டம் எல்லாம் நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

எழுத்து பெரிதாக இருப்பதற்கு மன்னிக்கவும். சிறிதாக எழுதினால் எனக்கே தெரிவதில்லை.

இப்படிக்கு,
கிரேன் ஆபரேட்டர்,
மூன்றாம் ஷெட்


மார்ச் 21

கொக்கு,

இருபத்தெட்டு வருஷத்துல நீ எனக்குக் கொடுத்த முதல் மரியாதை இந்த 'தாங்கள்'தான். நீ கெட்ட வார்த்தையில திட்டி ஒரு கடிதம் போட்டிருந்தா அதைப் படிச்சுட்டு நல்லாத் தூங்கியிருப்பேன். அக்கா எடுத்துப் படிச்சுட்டு, யாருடா இந்த ஆபீசர்னு கேட்டா.

அக்கா இந்த மாசம் என்கூட இருக்கா. டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு வாங்கி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் யார் பேசினாலும் பிழை திருத்தறா. என்னை ஓய்வுக்குத் தயார் பண்ணத்தான் வந்திருக்காளாம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு அவ வீட்டுக்கே வந்துடணும்னு முடிவு பண்ணி, பாதி சாமானை அட்டைப்பெட்டியில கட்டிட்டா. ஒரு டைம் டேபிளும் டைப் அடிச்சுக் கொடுத்திருக்கா. ஆறு மணிக்கு நடை, ஏழு மணிக்குப் பேப்பர், எட்டு மணிக்குக் குளியல். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் என்ன பண்றதுன்னு அவளுக்கே தெரியலை, அங்கே மட்டும் ஒரு கோடு போட்டு விட்டிருக்கா.

ரத்தச் சீட்டு நகல் எல்லாம் தனிக் கவர்ல வருது. வரிசையாப் பார்த்தேன். அஞ்சு வருஷமா ஏறிட்டே வந்திருக்கு. ஒவ்வொரு சீட்டுலயும் என் கையெழுத்தும் இருக்கு.

லாக்கரைத் திறந்தேன். தலையணை உறையைத் துவைச்சு அனுப்பலாம்னு கழட்டினா, உள்ளே மடிச்சு வச்ச ஒரு துண்டுச் சீட்டு. என் எழுத்து. ரெண்டு வருஷ வியர்வையில மை பரவியிருக்கு. நாலாவது வரிக்குக் கீழே மட்டும் நீ பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கே. நான்தான் லாக்கரைத் திறப்பேன்னு தெரிஞ்சுதானே சாவியை அனுப்பினே? இல்லை, நிஜமாவே மறந்துட்டியா?

கிழிச்சுப் போட ஒரு நிமிஷம் ஆகாது. மூணு நாளா சட்டைப் பையில வச்சுட்டுத் திரியறேன்.

இதைச் சொல்லாம இருக்க முடியலை. விபத்தை விசாரிக்கறாங்க. சங்கிலி லோடு இறக்கற இடத்து மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்னான், தப்பு அவன் மேலன்னு எழுதப் போறாங்க. உன் கண் விபத்துக்கு அப்புறம்தான் திடீர்னு கெட்டுதாம். போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் கண் நல்லா இருக்குன்னு அவங்களே சர்டிபிகேட் கொடுத்திருக்காங்களே, வேற என்ன சொல்லுவாங்க? தப்பு அவனோடதுன்னு ஆயிட்டா எலும்பு கூடற வரைக்கும் அவனுக்குச் சம்பளம் கிடையாது.

மாத்திரை


ஏப்ரல் 2

மாத்திரை,

நான் சொல்லச் சொல்ல இதை உன் தங்கச்சி எழுதறா. வலது கண்ல புரையை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கு. அது தேறிடும்னு சொல்றாங்க. இடது கண்ல சர்க்கரையால உள்ளே ரத்தம் கசிஞ்சு ரொம்ப நாள் ஆச்சாம். லேசர் வச்சு மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம், போனது வராது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னான்னு டாக்டர் ஆரம்பிச்சார். அதை மட்டும் சொல்லாதீங்க சார்னேன்.

(நல்லாச் சொல்லுங்க டாக்டர்னு பின்னால நின்னு நான் சொன்னேன் அண்ணே. இது நான்.)

குறுக்கே எழுதாதேன்னு சொல்லியிருக்கேன், கேட்க மாட்டேங்கறா.

நீ பெரிசா உன் பக்கம், என் பக்கம்னு எழுதியிருந்தே. என் பக்கம் என்னன்னு தெரியுமா உனக்கு? கிரேன் ஏணி அறுபத்தோரு படி. அந்த ஏணி அடியில வந்து நின்னு, இன்னைக்கு நீ மேலே போகக் கூடாதுன்னு சட்டையைப் பிடிச்சிருந்தா நான் உன்னை என்ன பண்ணியிருக்கப் போறேன்? ரெண்டு அடி அடிச்சிருப்பேன். நீயும் அடிச்சிருப்பே. முடிஞ்சு போயிருக்கும். ஆறு பேருக்கு முன்னால என்னை நிக்க வச்சுப் பலகையைத் திருப்பினியேடா. சிரிச்சது யாருன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு வேலை கத்துக் கொடுத்தவன் நான். ஏன் சிரிக்கறாங்கன்னு புரியாம நானும் கூடச் சிரிச்சேன். அதை நீ எழுதலை. நீ பார்த்தே, ஆனா எழுதலை.

(அன்னைக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தார். என்ன நடந்துதுன்னே எனக்கு உங்க கடிதத்தைப் படிச்சுத்தான் தெரியும் அண்ணே.)

சீட்டைக் கிழிச்சுப் போடு. அது தலையணைக்குள்ள இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை.

(ஞாபகம் இருந்துது. சாவியைக் கவர்ல போடும்போது, அவனே எடுக்கட்டும்னு சொன்னார்.)

இவளை எழுதச் சொன்னது என் தப்பு. சங்கிலி விஷயத்துல நீ தலையிடாதே. அவன் கோட்டுக்கு உள்ளேதான் நின்னான். கொஞ்சம் தள்ளி நின்னிருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

(இந்த வரியைச் சொல்லிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். கடிதம் முடிஞ்சுதான்னு கேட்டேன். முடிஞ்சுதுன்னு தலையை ஆட்டினார்.)


ஏப்ரல் 12

கொக்கு,

நீயும் சிரிச்சதை நான் பார்த்தேன். எழுதக் கை வரலை.

ரம்பம் ஆஸ்பத்திரியில இருக்கான். அறுவை மெஷின்ல வேலை பார்க்கறதுக்கும், வாயைத் திறந்தா மூடாததுக்கும் சேர்த்து நாம வச்ச பேர். வாரத்துல ரெண்டு நாள் டிஸ்பென்சரிக்கு வந்து, தலைவலின்னு உட்கார்ந்து அரை மணி நேரம் கதை அளந்துட்டுப் போவானே, நீ மெடிக்கல்ல நின்ன நாள்லருந்து அந்தப் பக்கமே வரலை. அவன் மட்டும் இல்லை. அம்பது வயசு தாண்டின ஒருத்தனும் வர்றதில்லை. அடிபட்ட விரலைத் துணியில சுத்திட்டு என் வாசலைத் தாண்டிப் போறாங்க. பின்கதவுப் பக்கமா வந்து, "அண்ணே, ரிஜிஸ்டர்ல ஏத்தாம ஒரு பிரஷர் பாருங்க"ன்னு கேட்கறவங்க எத்தனை பேர்னு உனக்குத் தெரியும். இப்போ பின்கதவைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன், காத்துதான் வருது.

போன புதன்கிழமை ரம்பத்துக்கு நெஞ்சு வலி. வாயுன்னு நினைச்சு ஷெட்டுக்குப் பின்னால போய்ப் படுத்துட்டு, மறுபடி மெஷினுக்குப் போயிருக்கான். வியாழக்கிழமை காலையில டைம் ஆபீஸ் வாசல்லயே விழுந்துட்டான். பிழைச்சுட்டான். நேத்து போய்ப் பார்த்தேன். மெதுவாத்தான் பேசறான். முந்தின நாளே என்கிட்ட வந்திருக்கலாமேன்னு கேட்டேன்.

"வந்தா எனக்கும் பலகையைத் திருப்பிடுவியோன்னு பயமா இருந்துது"ன்னான்.

இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்காம், அதுக்குள்ள வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிட்டா என்ன பண்றதுன்னு நினைச்சானாம். திட்டற மாதிரிக்கூடச் சொல்லலை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புல ரொம்ப நேரம் நின்னேன். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். உன்னை அந்த ஏணியிலிருந்து இறக்கினது சரிதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா உன்கூட நேருக்கு நேர் சண்டை போடற தைரியம் எனக்கு இல்லை. அதான் பலகையைத் திருப்பினேன். நீ விழுந்தா டாக்டர் கையால விழட்டும், என் கை சுத்தமா இருக்கட்டும்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கு. நீயோ என் பேரைக்கூடச் சொல்லாம வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே.

திங்கட்கிழமை சீட்டை டாக்டர்கிட்ட கொடுக்கப் போறேன். ரெண்டு வருஷமா உன் கண் சரியில்லைன்னு எனக்குத் தெரியும்னும் எழுதிக் கொடுக்கப் போறேன். அப்போதான் சங்கிலி மேல பழி நிக்காது. அக்காகிட்ட சொன்னேன். ஆறு மாசம் பொறுத்துட்டு அப்புறம் யோக்கியனா இருக்கக் கூடாதான்னு கேட்டா. ஆனா அந்தக் கடிதத்தை அவதான் டைப் அடிச்சா. ரெண்டு இடத்துல பிழையும் திருத்தினா.

மாத்திரை


ஏப்ரல் 19

மாத்திரை,

உன் கடிதம் இன்னைக்குத்தான் வந்துது. நீ சொன்ன திங்கட்கிழமை போயே போச்சு. வேண்டாம்டான்னு எழுத வந்தேன், இனிமே அதுல அர்த்தம் இல்லை.

கட்டை அவிழ்த்துட்டாங்க. வலது கண்ணால நானே எழுதறேன். உன் தங்கச்சி பக்கத்துல இல்லை.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். குழாய்க் கட்டு இறங்கிட்டிருந்துது. கீழே வெள்ளையா ஏதோ அசைஞ்சுது. அது சங்கிலியோட கையுறை. நிறுத்துன்னு தூக்கினானா, இறக்குன்னு ஆட்டினானான்னு எனக்குத் தெரியலை. நிறுத்திக் கேட்டிருக்கலாம். மணி அடிச்சிருக்கலாம். நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கீழேயிருந்து கேட்பாங்க. ஒரு நாள்ல மூணு தடவை நிறுத்தினா, கொக்குக்கு என்ன ஆச்சுன்னு பேச்சு வரும். அதனால இறக்குன்னுதான் சொல்றான்னு வச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு மட்டும் இல்லை. ஒரு வருஷமாவே அப்படித்தான். தரையில விழற நிழலை வச்சு, சங்கிலி உரசற சத்தத்தை வச்சு, எங்கே யார் எந்த நேரத்துல நிப்பாங்கன்னு பழக்கத்தை வச்சு ஓட்டினேன். சரியா வந்துட்டே இருந்துது. வர வர, எனக்குக் கண்ணே தேவையில்லை போலன்னு ஒரு கர்வம்கூட வந்துது. இதை எழுதறப்போதான் எனக்கே பயமா இருக்கு.

சங்கிலி கோட்டுக்கு வெளியேதான் நின்னான். எப்பவும் வெளியேதான் நிப்பான். லோடைக் கோட்டைத் தாண்டிக் கொண்டு போனது நான்.

இதையெல்லாம் இப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, விசாரணை ஆபீசருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். மாப்பிள்ளைதான் கூட வந்தார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை டீ சாப்பிடலாமா மாமான்னு கேட்டார். சர்க்கரை இல்லாமன்னு அவரே சொல்லிட்டார்.

ரம்பத்தைப் பார்க்கப் போனா நான் கேட்டதாச் சொல்லு. பேச விடாதே.

கொக்கு


ஏப்ரல் 27

கொக்கு,

சீட்டை வாங்கி டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் கொஞ்சம் வெளுத்துத்தான் போனார், அவர் கையெழுத்துலதானே ரெண்டு சர்டிபிகேட்டும் போயிருக்கு. இதை இப்போ ஏன் கொடுக்கறீங்கன்னு கேட்டார். முன்னாடியே கொடுத்திருக்கணும் சார்னேன்.

அன்னைக்கு டீ நேரத்துல மூணாம் ஷெட்டுக்குப் போனேன். எல்லாரும் இருந்தாங்க. கொக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான், பலகையைத் திருப்பினதும் நான், முதல்ல செஞ்சதும் தப்பு, அடுத்ததைச் செஞ்ச விதமும் தப்புன்னு சொன்னேன். டம்ளரைக் கழுவிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. நான் என்ன எதிர்பார்த்தேன்னு எனக்கே தெரியலை.

ஆனா மறுநாள் முன்கதவு வழியா வெல்டர் வந்தார். வலது காது ஒரு வருஷமாக் கேட்கலையாம். ரிஜிஸ்டர்ல எழுதுங்கன்னார். அன்னைக்கே இன்னும் மூணு பேர். நாலு பேர் பேரையும் எழுதி, கிரேடைக் குறைக்காம மாத்து வேலை கொடுக்கணும்னு டாக்டர் மேலே அனுப்பியிருக்கார். யோசிக்கறோம்னு பதில் வந்திருக்கு. அவங்க யோசனை எவ்வளவு நாள் ஓடும்னு நமக்குத் தெரியாதா?

உன் கடிதம் வந்த பிறகுதான் விசாரணை திரும்பிச்சு. என் சீட்டு உன் கண்ணைப் பத்தித்தான் சொல்லிச்சு. கோடு விஷயம் நீ எழுதினதுலதான் தீர்ந்துது. சங்கிலிக்கு முழுச் சம்பளத்தோட லீவு. அவன் பெண்டாட்டி வந்து உத்தரவு நகலை வாங்கிட்டுப் போனா. உன் பேரைச் சொல்லலை, நானும் சொல்லலை. போறப்போ, அவர் கண் எப்படி இருக்குன்னு கேட்டா.

எனக்கு மாசக் கடைசியோட சரி. விருப்ப ஓய்வுன்னு பேர் போட்டிருக்காங்க. என் விருப்பத்தை மட்டும் யாரும் கேட்கலை. கூட்டம் கிடையாது. ஓய்வூதியத்துல கை வைக்கலை, அது வரைக்கும் நல்லது. அக்கா பாதி சாமானை முன்னாடியே கட்டி வச்சது வசதியாப் போச்சு.

புது விலாசம் கீழே எழுதியிருக்கேன். உங்க ஊர்லருந்து தூரம், ஷெட்லருந்து பஸ்ஸுல மூணு மணி நேரம்.

மாத்திரை


மே 6

மாத்திரை,

எனக்கும் உத்தரவு வந்துடுச்சு. ஒரு இன்க்ரிமென்ட் வெட்டு. மிச்சம் இருக்கற பத்து மாசமும் கருவி ஸ்டோர்ல. ஜூன் ஒண்ணாம் தேதி சேரணும்.

உன் தங்கச்சி, போதும், நீங்களும் எழுதிக் கொடுத்துட்டு வாங்க, இங்கேயே இருந்துடலாம்னு சொல்றா. பொண்ணும் அதையேதான் சொல்றா. மேலேயிருந்து இறங்கி வந்து, அந்த ஆறு பேருக்கு ஜன்னல் வழியா ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கறதை நினைச்சாலே உத்தரவை மடிச்சு வச்சுடறேன். சங்கிலி வேற வந்து நிப்பான். அவனுக்கு என்ன எடுத்துக் கொடுப்பேன்?

நீ என்ன சொல்றே? இந்தத் தடவை நேராச் சொல்லு.

கொக்கு


மே 16

கொக்கு,

நேராச் சொல்றேன். போ.

எனக்கு இங்கே பதினாறு நாள் ஆச்சு. நடை நல்லா இருக்கு, பேப்பர் நல்லா இருக்கு. பத்து மணி ஆனதும் கை தானா இடுப்புல மருந்து அலமாரிச் சாவியைத் தேடுது. முதல் வாரம் அக்கா வீட்டு மருந்து டப்பாவை மூணு தடவை அடுக்கினேன். நாலாவது தடவை எடுத்தப்போ டப்பாவை ஒளிச்சு வச்சுட்டா. முந்தாநாள் பக்கத்து வீட்டுக்காரர் படியில தடுக்கி முழங்காலைச் சிராய்ச்சுட்டார். பாவம் மனுஷன், அதுக்கு நான் எவ்வளவு பெரிய கட்டுப் போட்டேன் தெரியுமா? அவர் நொண்டினது காயத்தால இல்லை, என் கட்டாலதான்.

நான் ஓய்வுக்குத் தயாரா இருக்கேன்னுதான் நினைச்சிருந்தேன். பென்ஷன் ஃபாரம் எல்லாம் பூர்த்தி பண்ணி, போட்டோ ஒட்டி வச்சிருந்தேன். ஆனா வேலையை நானா முடிக்கலை, பாதியில எழுந்து வந்துட்டேன். அது ஏதோ ஒரு மாதிரி இருக்கு. உனக்குப் பத்து மாசம் மிச்சம் வச்சிருக்காங்க. ஜன்னலுக்குப் பின்னால உட்கார்ந்தாலும் அது உன் வேலை. அதை முடிச்சுட்டு வா.

சங்கிலிக்கு என்ன எடுத்துக் கொடுக்கறதுன்னு கேட்டிருக்கே. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதினா மறுபடி சீட்டு எழுதிக் கொடுக்கற கதைதான்.

கண் சொட்டு மருந்தை நாளைக்கு நாலு தடவை போடணும். மூணு தடவை போட்டுட்டு நாலுன்னு சொல்றதா தங்கச்சி போன்ல சொன்னா.

மாத்திரை


ஜூன் 4

மாத்திரை,

நாலு தடவையும் போடறேன். அவ உன்கிட்ட தனியாப் பேசறான்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் வேற வழி?

ஸ்டோர்ல சேர்ந்து நாலு நாள் ஆச்சு. ஜன்னல் உயரம் எனக்குச் சரியா இல்லை, குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிக்குது. முதல் நாள் ஆறு பேர்ல நாலு பேர் வந்தாங்க. சிரிச்சவனும் வந்தான். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். எண்ணைச் சரியாப் பார்த்துத்தான் கொடுத்தேன்னு அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். வெல்டர்கிட்ட பேசறவன் கத்த வேண்டியிருக்கு. அவரை இன்னும் மாத்தலை. யோசிச்சுட்டே இருக்காங்க.

நேத்து ஒரு கப்பியைக் கொடுக்கறதுக்காக ஷெட்டுக்குள்ள போனேன். மேலே இப்போ ஒரு பொண்ணு ஓட்டறா, முப்பது வயசு இருக்கும், கை நல்லா நிதானமா இருக்கு. நான் நடு ஷெட்டுல நடந்துட்டிருக்கறப்போ தலைக்கு மேல தகடுக் கட்டு ஒண்ணு நகர்ந்துது. அப்படியே நின்னுட்டேன். மாத்திரை, இருபத்தெட்டு வருஷத்துல நான் கீழே நின்னு ஒரு லோடு போறதைப் பார்த்ததே இல்லை. மேலேயிருந்து பார்த்தா அது ஒரு பொட்டலம். கீழேயிருந்து பார்த்தா வெளிச்சத்தையே மறைச்சுக்கிட்டு வருது. அவ்வளவு பெரிசு ஒரு கம்பியில தொங்குது, அந்தப் பக்கம் கேபின்ல இருக்கறவங்க முகம்கூடத் தெரியலை. இதுக்குக் கீழேதான் இத்தனை பேர் என்னை நம்பி வேலை பார்த்துட்டு, டீ குடிச்சுட்டு, கதை பேசிட்டு இருந்திருக்காங்க. நகரணும்னு தெரியுது, எந்தப் பக்கம்னு தெரியலை.

யாரோ என் முழங்கையைப் பிடிச்சாங்க. இடது பக்கத்துலருந்து வந்ததால யாருன்னு தெரியலை. "அண்ணே, லோடு வருது. தள்ளி வாங்க"ன்னு குரல் கேட்டுது. சங்கிலி. தோள் இன்னும் கொஞ்சம் இறங்கினாப்லதான் இருக்கு. கனமான வேலை கொடுக்கலையாம். கோட்டுக்கு வெளியே கொண்டு போய் நிறுத்திட்டு, அந்தப் பொண்ணுக்குக் கையைத் தூக்கிக் காட்டினான். அவ நிறுத்தினா. அப்புறம் இறக்கச் சொன்னான். இறக்கினா. எவ்வளவு தெளிவா இருக்கு அவன் சைகை. எதுக்கும் ரெண்டு அர்த்தமே இல்லை.

மூணு நாளா அவன்கிட்ட சொல்றதுக்குன்னு சில வார்த்தை யோசிச்சு வச்சிருந்தேன். கப்பியைக் கொடுத்துட்டு வந்துட்டேன். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுல அவன் வர்ற வரைக்கும் காத்திருந்து சொன்னேன். நான் சொன்னதையும் அவன் சொன்னதையும் எழுதிப் பார்த்தேன், ரெண்டு தாள் வீணாச்சு.

நேர்லயே சொல்றேன். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலை பஸ்ஸுல வர்றேன். உன் தங்கச்சி வரலை, நான் மட்டும்தான். பத்து மணிக்கு அங்கே இருப்பேன், பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அதுக்கு மேல இருந்தா அக்கா என் பேச்சுலயும் பிழை திருத்த ஆரம்பிச்சுடுவா.

ஒரு விஷயம். ஒத்தைக் கண்ணுல மத்ததெல்லாம் சமாளிச்சுடறேன், படி மட்டும் ஏமாத்துது. பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு, கால் வச்சா இல்லை. உங்க வீட்டு வாசல்ல எத்தனை படின்னு எண்ணி, இன்னைக்கே ஒரு கார்டு போடு.

கொக்கு